ஏற்காடு ஷீட் வீடு: ஹீட்டர் ஓடியும் ரூம் சூடாகலை, மேல இருந்து தண்ணி வேற சொட்டுது. என்ன பண்ணலாம்?

நாகலூர்ரோடு_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. ஜூன்ல ஏற்காட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, நாகலூர் ரோட்டுல வாடகைக்கு வீடு எடுத்தோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன், அம்மா. கல்சுவர், சிமென்ட் தரை, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சீலிங் கிடையாது. நாலு பேரும் படுக்கிறது 12க்கு 12 ரூம் ஒண்ணுல.

மே மாசம் வீடு பார்க்க வந்தப்ப, "இங்க ஃபேனே வேண்டாம் போலிருக்கே"ன்னு சந்தோஷமா அட்வான்ஸ் குடுத்துட்டோம். இப்ப டிசம்பர். ஸ்வெட்டரே வாங்கி அறியாத குடும்பம், நாலு பேரும் குல்லா மாட்டிட்டுத் தூங்குறோம்.

2000 வாட் ஃபேன் ஹீட்டர் வாங்கினோம். ராத்திரி 9 மணியில இருந்து 2 மணி வரை ஓடுது. முன்னாடி போய் நின்னா கால் சுடுது, கட்டில்ல படுத்தா ஹீட்டர் இருக்கிறதே தெரியல. ஸ்கூல் லேப்ல இருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து பார்த்தேன். காலையில 5 மணிக்கு வெளியில 11 டிகிரி, உள்ள 14. இதுக்கு இந்தத் தடவை 640 யூனிட் ஓடியிருக்கு. போன தடவை 190.

இன்னொண்ணு, இதுதான் புரியல. காலையில கம்பளி மேல எல்லாம் ஈரம். ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நிக்குது. ஓனர் வந்து ஆணித்துளைக்கு எல்லாம் எம்சீல் வெச்சுட்டுப் போனாரு. நிக்கல. இதுல வேடிக்கை, மழை பெஞ்ச ராத்திரி சொட்டல! வானம் தெளிஞ்சு நட்சத்திரம் தெரியுற ராத்திரியிலதான் சொட்டுது.

குமுட்டி அடுப்புல கங்கு போட்டு கட்டில் பக்கத்துல வெச்சுக்கலாம்னு அம்மா சொல்றாங்க. வீட்டுக்காரர் இன்னும் பெரிய ஹீட்டர் வாங்கலாம்ங்கிறாரு. 8,000 ரூபாய்க்குள்ள முடியணும். வாடகை வீடு, சுவத்தை உடைக்க முடியாது.

காபிக்காட்டான்:
டீச்சரம்மா, மத்ததெல்லாம் அப்புறம். குமுட்டியை ரூமுக்குள்ள கொண்டுவராதீங்க. கதவைச் சாத்திட்டு கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு வரும். வாடை கிடையாது, புகையும் தெரியாது. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ரத்தத்துல போய் ஒட்டிக்கும். தலைவலி, குமட்டல், தூக்கம். தூக்கத்துலயே முடிஞ்சுடும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் கரி அடுப்பை ரூம்ல வெச்சுட்டுப் படுத்தவங்க எழுந்திரிக்காத சேதி பேப்பர்ல வந்திருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் வெச்சாங்களேன்னு அம்மா கேப்பாங்க. அந்தக் காலத்து வீட்டுல ஓட்டுச் சந்து வழியா காத்து தாராளமா போய் வந்துச்சு. எங்க எஸ்டேட் லயன் வீட்டுல கணப்பு போட்டா வாசல்லதான். குளிர் காஞ்சுட்டு, தண்ணி தெளிச்சுட்டு, அப்புறம்தான் உள்ள போவோம்.

ஆத்தூர்_தம்பி:
ஆயில் ஹீட்டர் வாங்குங்க மேடம். அதே சூடுதான், கரன்ட் பாதி போதும். எங்க மாமா வீட்டுல இருக்கு.

ரிட்டயர்டு_ஒயர்மேன்:
தம்பி, அது கடைக்காரர் சொல்ற கணக்கு. ஃபேன் ஹீட்டரோ, குச்சி ஹீட்டரோ, ஆயில் ஹீட்டரோ, ஒரு யூனிட் கரன்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். ஆயில் ஹீட்டர் அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் கதகதன்னு இருக்கும், சத்தம் இருக்காது, சூடான காத்தை மூஞ்சில அடிக்காது. அந்த வசதிக்கு வாங்கலாம், கரன்ட் மிச்சம்னு வாங்காதீங்க. ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் சூடு குடுக்கிறது ஹாட் அண்டு கோல்டு ஏ.சி. மட்டும்தான். அது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உள்ள இழுத்துப் போடுது. ஏற்காட்டுக் குளிருக்கு அருமையா வேலை செய்யும். ஆனா விலை உங்க கணக்குல அடங்காது. அடங்கினாலும் சீலிங் இல்லாத ரூம்ல மாட்டினா காசு மேல போயிடும்.

டீச்சர், உங்க கணக்கு சரியாத்தான் இருக்கு. 2000 வாட்னா மணிக்கு ரெண்டு யூனிட். ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம், 45 ராத்திரி, அதுவே 450 யூனிட். ரெண்டு மாசக் கணக்குல 500 தாண்டிட்டா மேல் ஸ்லாப் ரேட்டு மட்டும் ஏறல, கீழ 101ல இருந்து 200 வரைக்கும் இருந்த குறைஞ்ச ரேட்டும் கைநழுவிப் போச்சு. பில் குதிச்சது அதனாலதான்.

ரெண்டு விஷயம் பாருங்க. ஹீட்டரைப் போட்டா லைட் மங்குதா? 230 வோல்ட்டுக்குப் பதிலா 190தான் வருதுன்னா, 2000 வாட் ஹீட்டர் 1,350 வாட் சூடுதான் தரும். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் சூடு அதை விட ஜாஸ்தியா குறையும். எஸ்டேட் லைன்ல இது சகஜம். அடுத்தது, எந்தப் பிளக்ல மாட்டியிருக்கீங்க? இந்த ஹீட்டர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்ல கன்வெர்ட்டர் வெச்சு மாட்டியிருந்தா இன்னிக்கே கழட்டுங்க.

நாகலூர்ரோடு_டீச்சர்:
லைட் மங்குதுங்க சார். பிளக் பத்தி சொன்னதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நீங்க சொன்ன அதே கன்வெர்ட்டர்தான். ஒரு ஓரம் பழுப்பாகி, கருகின வாடை. கழட்டிட்டோம். கிச்சன்ல இருந்த பெரிய சாக்கெட்டுல இருந்து ரூமுக்குத் தனி ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கு. வயித்தைக் கலக்கிடுச்சு, ரொம்ப நன்றிங்க.

கூரை_மேஸ்திரி:
எல்லாரும் ஹீட்டரைப் பேசுறீங்க. வியாதி கூரையில இருக்கு.

டீச்சர், ஒரு ஊதுபத்தி கொளுத்திக்கங்க. ஹீட்டர் ஓடுறப்ப ஸ்டூல் போட்டு ஏறி, சுவர் முடிஞ்சு ஷீட் ஆரம்பிக்கிற இடத்துல புகையைக் காட்டுங்க. கதவடியிலயும் காட்டுங்க. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு எழுதுங்க. அப்புறம், துணி எங்க காயுது? ராத்திரி கிச்சன் கதவு திறந்திருக்கா?

நாகலூர்ரோடு_டீச்சர்:
பார்த்தேன் சார். ஷீட் வளைவு வளைவா இருக்கில்ல, சுவத்து மேல ஒவ்வொரு வளைவுக்கு அடியிலயும் கைவிரல் நுழையுற சந்து. புகை அப்படியே அதுக்குள்ள கோடு போட்ட மாதிரி உறிஞ்சிட்டுப் போகுது. கதவடியில காட்டினா, புகை என் மேலயே வருது.

துணி... ரூமுக்குள்ளதான் கொடி கட்டியிருக்கோம். பனியில வெளியில காயவே மாட்டேங்குது. ஹீட்டர் சூட்டுல காயுமேன்னு பையன் யூனிஃபார்ம் எல்லாம் ராத்திரிதான் போடுவேன். கிச்சன் கதவு திறந்துதான் இருக்கும்.

கூரை_மேஸ்திரி:
அப்ப ரெண்டு வியாதிக்கும் ஒரே காரணம்தான்.

சூடான காத்து மேல ஏறி அந்தச் சந்து வழியா வெளிய போகுது. அது போற வேகத்துக்குக் கதவடியில இருந்து பச்சைக்குளிர் காத்து உள்ள வருது. உங்க வீடே ஒரு புகைக்கூண்டு. இது போதாதுன்னு ஷீட் வேற. அரை இஞ்ச் கூட கனம் இல்லாத ஷீட்டு, 144 சதுர அடி. உள்ளயும் வெளியயும் 8 டிகிரி வித்தியாசம் வெக்கணும்னா ஷீட் வழியா மட்டும் 700 வாட் போல போயிட்டே இருக்கும். வோல்ட்டேஜ் 190க்கு இறங்குற நேரத்துல உங்க ஹீட்டர் தர்றதே 1,350. பாதி ஷீட்டுக்கு, மீதி சந்துக்கு. உங்களுக்கு என்ன மிஞ்சும்?

இப்ப தண்ணி. அது ஒழுகல் இல்ல. செம்புல குளிர்ந்த தண்ணி ஊத்தி வெச்சா வெளிப்பக்கம் வேர்க்குமே, அதேதான். வானம் தெளிஞ்ச ராத்திரியில ஷீட் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துட்டு வெளிக்காத்தை விடவும் சில்லுன்னு ஆயிடும். மேகமோ பனிமூட்டமோ இருந்தா அது போர்வை மாதிரி மேல நிக்கும், ஷீட் அவ்வளவு குளிராது. அதான் நட்சத்திர ராத்திரிக் கணக்கு. தூங்குற ஆள் ஒவ்வொருத்தரும் மூச்சுலயும் வேர்வையிலயும் ராத்திரிக்கு கால் லிட்டர் போல விடுறோம். நாலு பேருக்கு ஒரு லிட்டர். கையால பிழிஞ்ச ஒரு வாளித் துணி காஞ்சா ரெண்டு மூணு லிட்டர். சோறு வடிக்கிற ஆவி வேற. அத்தனையும் எங்க போகும்? சில்லுன்னு இருக்கிற ஷீட்டுல ஒட்டி, உங்க கம்பளிக்கே திரும்பி வருது. எம்சீல் பாவம் என்ன பண்ணும்.

ஆத்தூர்_தம்பி:
அப்ப அந்த வளைவுச் சந்தை எல்லாம் ஸ்பாஞ்ச் வெச்சு அடைச்சிட்டா முடிஞ்சது!

கூரை_மேஸ்திரி:
அவசரப்படாதீங்க தம்பி. அதை மட்டும் அடைச்சா ஆவி வெளிய போக வழியில்லாம இன்னும் ஜாஸ்தியா சொட்டும். சந்து அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு சீலிங் போட்டு, அந்த சீலிங்கைத்தான் இறுக்கமா அடைக்கணும். மேல காத்து ஓடினாத்தான் தப்பித்தவறிப் போன ஆவி காயும்.

வாடகை வீட்டுக்குச் சொல்றேன். சுவத்துல கொக்கி அடிச்சு, ரெண்டு அடிக்கு ஒண்ணா சவுக்குக் கழி குறுக்க போடுங்க. ஒரு பக்கம் நாலு இஞ்ச் தாழ்வா இருக்கட்டும், மேல சொட்டினாலும் ஓரத்துக்கு வழிஞ்சுடும். கழிக்கு அடியில பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டி, நாலு சுவத்து ஓரமும் ரீப்பர் கட்டை அடிச்சு இறுக்குங்க, சந்து விடாம. கழிக்கு மேல பபிள் ஃபாயில், அதான் காத்துக் குமிழி வெச்ச மின்னுற ஷீட், அதை விரிங்க. மின்னுற பக்கம் காத்தைப் பார்த்து இருக்கணும், எதோடயாவது ஒட்டிப் படுத்தா அது வெறும் காகிதம். தெர்மாக்கோல் மலிவுன்னு சொல்வாங்க, கேக்காதீங்க. தீப்பிடிச்சா சொட்டுச் சொட்டா எரிஞ்சு விழும், எலிக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஃப்ளெக்ஸும் எரியும்தான். அதனால லைட்டை சுவத்துக்கு இறக்குங்க, ஹீட்டரைக் கட்டில்ல இருந்து மூணடி தள்ளி வையுங்க.

ஒரே எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல ட்ரில் போடறது, பிரஷ் வெச்சுத் தேய்க்கிறது, ரெண்டும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கதவடிக்கு பிரஷ் பட்டை ஒட்டுங்க. சுவத்து வென்டிலேட்டர் ஒண்ணு ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். துணியை ரூமை விட்டு வெளிய எடுங்க. சமைக்கிறப்ப கிச்சன் கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறங்க.

வெள்ளக்கடை_அக்கா:
கண்ணு, கூரை வேலை முடியறதுக்குள்ள படுக்கையைச் சரி பண்ணு. மேல எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழ ஒத்தை மெத்தைன்னா குளிர் அடியில இருந்து ஏறும். கட்டில் பலகை மேல கோரைப்பாய், அதுமேல பவானி ஜமக்காளம் ரெண்டா மடிச்சு, அப்புறம் மெத்தை. கட்டிலை வெளிச்சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடு. அம்மாவுக்கு முட்டிவலி இருந்தா படுக்கிறதுக்கு அரை மணி முன்னாடி வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்திப் போர்வைக்குள்ள வை. ஒரு கெட்டில் தண்ணி செலவு, ரொம்ப நேரம் கால் கதகதன்னு இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதே.

தெக்குப் பார்த்த ஜன்னல் இருக்கா? மார்கழி, தையில சூரியன் தெக்கால சாஞ்சுதான் போகும். 10 மணிக்கு ஸ்கிரீனை விலக்கு, வெயில் தரையில விழட்டும். நாலரைக்கு மூடிடு. நீங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போறப்ப வெயிலை வெளிய நிறுத்திப் பூட்டிட்டுப் போறீங்க, ராத்திரி அதைக் காசு குடுத்து வாங்குறீங்க.

நாகலூர்ரோடு_டீச்சர்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பொங்கல் லீவுலதான் வேலை நடந்துச்சு. ஓனர் முதல்ல முணுமுணுத்தாரு, செலவு என்னோடதுன்னதும் அவரே கழி வெட்டிக் குடுத்தாரு.

பபிள் ஃபாயில் செவ்வாய்ப்பேட்டையில வாங்கினோம். 20 கொண்டை ஊசியும் பஸ்ல அதைக் கட்டிப்பிடிச்சுட்டே வந்தேன், பின் சீட்டுப் பையன் என்னக்கா ராக்கெட்டான்னு கேட்டான். பேனர், ரீப்பர், கதவு பிரஷ், கூலி எல்லாம் சேர்த்து 6,300 ஆச்சு. தனி ஒயருக்கு 1,100.

நேத்து விடியக்காலம் 5 மணி: வெளியில 12, உள்ள 17 அரை. ஹீட்டர் 1000 வாட்ல வெச்சு படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்தான். நாலு பேர் உடம்புச் சூடே மீதியைப் பார்த்துக்குது போல. பையன் குல்லாவைக் கழட்டிட்டான். துணி இப்ப பின்பக்கத் தாழ்வாரத்துல. ரெண்டு நாள் ஆகுது காய, பரவாயில்ல.

சொட்டறது நின்னுடுச்சு. ஆனா புதுசா ஜன்னல் கண்ணாடி காலையில முழுக்க வேர்த்து நிக்குது. இது ஏதாவது தப்பா மேஸ்திரி சார்?

கூரை_மேஸ்திரி:
தப்பில்லம்மா. இப்ப ரூம்ல ரொம்பக் குளிர்ந்த இடம் அந்தக் கண்ணாடிதான். ஆவி அங்க போய் உக்காருது. காலையில ஒரு துணியால துடைச்சு, அதை வெளிய பிழியுங்க. துடைக்காம விட்டா ஜன்னல் கட்டை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். தினமும் வழியுற அளவுக்கு இருந்தா வென்டிலேட்டரை இன்னும் கொஞ்சம் திறங்க. பேனர்ல எழுத்து எந்தப் பக்கம்?

நாகலூர்ரோடு_டீச்சர்:
கீழ் பக்கம் சார். கவனிக்காம கட்டிட்டாங்க. யார் வீட்டுக் குழந்தையோ, காதுகுத்து பேனர். கட்டிலுக்கு நேர் மேல மொட்டை அடிச்ச பாப்பா சிரிச்சுட்டு இருக்கு, சுத்தி தாய்மாமன் எட்டு பேர். திருப்பிக் கட்டலாம்னேன். அம்மா வேண்டாங்கிறாங்க, தினம் அந்த முகத்துல முழிக்கிறது நல்லா இருக்காம்.