குறும்படத்துக்கு யோசனை: எழுத்தாளனும் அவனுக்குக் கதை கொடுக்க வருபவளும்

கல்லடிப் பெடியன்:
வணக்கம். மட்டக்களப்பில் நண்பர்கள் சேர்ந்து 15 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். ஒரு வரிகூட ஓடாமல் தவிக்கும் எழுத்தாளன், திடீரென வந்து சேரும் ஒரு பெண், அவள் வந்ததும் கதை கொட்டுகிறது. நகைச்சுவைதான். ஆனால் அவள் சிரிக்கிறாள், மழையில் நனைகிறாள், அவன் எழுதுகிறான், இதற்குமேல் கதை நகரவில்லை. எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

வாவிக்கரை:
தம்பி, ஆல்பர்ட் புரூக்ஸ் இயக்கி நடித்த 'த மியூஸ்' பாருங்கள், 1999 இல் வந்தது. ஹாலிவுட் கைவிட்ட திரைக்கதை எழுத்தாளனுக்கு ஷரோன் ஸ்டோன்தான் கதை யோசனை தரும் தேவதை, அதைத்தான் ஆங்கிலத்தில் மியூஸ் என்பார்கள். அவள் லேசில் யோசனை தருகிற ஆளில்லை. முதலில் டிஃபனி நகைக்கடைப் பரிசு, பெரிய ஹோட்டலில் அறை, இரவில் கூப்பிட்டுச் சாப்பாடு கொண்டுவா என்பது, மறுகா அவன் வீட்டுக்கே வந்து குடியேறி மனைவியை பிஸ்கட் வியாபாரத்தில் இறக்கிவிடுவது. பெரிய இயக்குநர்கள் ஸ்கோர்செசியும் ஜேம்ஸ் கேமரூனும் அவர்களாகவே நடித்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இவள்தான் யோசனை! ஓடுப்பட்டுத் திரிகிற அவனைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது. உங்கள் பெண் ஒன்றுமே கேட்கவில்லையே.

அக்கரைப்பற்று வாசகி:
நான் சொல்வது 2012 இல் வந்த 'ரூபி ஸ்பார்க்ஸ்'. எழுத்தாளன் தட்டச்சில் அடித்த பெண் உயிரோடு வந்து நிற்கிறாள், அவள் பிரெஞ்சு பேசுகிறாள் என்று அடித்தால் உடனே பிரெஞ்சு பேசுகிறாள். அதுவரை நல்ல சிரிப்பு. பிறகு தன்னை விட்டுப் போகாதபடி அவளை மாற்றி மாற்றி அடிக்கத் தொடங்குவான், அந்த இடம் எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. ரூபியாக நடித்த ஸோயி கஸான்தான் திரைக்கதையும் எழுதியவர், அதனால்தான் அவள் பக்கம் அவ்வளவு தெளிவு. தம்பி, உங்கள் பெண்ணுக்குப் பெயர் என்ன? அவள் அவனிடம் வருமுன் என்ன செய்துகொண்டிருந்தாள்?

கல்லடிப் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணன். அப்படியென்றால் இப்படிச் செய்யலாமா? முதல் நாள் முட்டித்தயிர் கேட்கிறாள், அடுத்தநாள் நண்டு, பிறகு முழுநிலா இரவில் நம் வாவியில் பாடும் மீனின் சத்தம் கேட்கத் தோணியில் கூட்டிப்போ என்கிறாள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைக்கிறான், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கிறது. அவனுடைய கொப்பியைப் பறித்து அவளே எழுதத் தொடங்குகிறாள்.

அக்கரைப்பற்று வாசகி:
ஐயோ, நல்லா இருக்கு! கொப்பியை அவள் திருப்பிக் கொடுக்கவே கூடாது.

வாவிக்கரை:
எஞ்சின் தோணி எடுக்காதீர்கள், சத்தம் முழுக்க ஒலிப்பதிவில் விழும். வலிக்கிற தோணியே போதும், கல்லடிப் பழைய பாலத்துப் பக்கம் மீன்பிடிக்கிற ஆட்களிடம் பகலிலேயே போய்ப் பேசிவையுங்கள்.