புதுப்பிப்பு: தமிழ் ஆடியோ, சப்டைட்டில் ரெண்டும் சேர்ந்தாச்சு

மறுபடி என்கோட் பண்ணாம (அதாவது வீடியோவை புதுசா மாத்தி எழுதாம) ஒரு படத்தில் தமிழ் ஆடியோவும் சப்டைட்டிலும் சேர்க்க முடியுமான்னு முந்தைய இழையில் கேட்டிருந்தேன். முடியும்! எம்கேவி டூல்நிக்ஸ்ங்கிற, வீடியோ ஃபைலோட ஆடியோ, சப்டைட்டில் சேர்க்கிற மென்பொருளில் மூணு ஃபைலையும் இழுத்துப் போட்டா போதும். வீடியோ அப்படியே காப்பி ஆகுது, தரம் துளியும் குறையல.

ஆடியோ கடைசிவரை ஒரே அளவுதான் முந்திச்சு. டிலே (தாமதம்) கட்டத்தில் 800 மில்லி செகண்ட் கொடுத்ததும் உதடும் பேச்சும் ஒட்டிக்கிச்சு.

படுத்தினது சப்டைட்டில்தான். தொடக்கத்தில் சரியா வந்து, போகப்போக முந்தி ஓடுச்சு. அது செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடுற வீடியோவுக்கு எழுதினது, என் வீடியோவோ 23.976. ரெண்டு மணி நேரப் படத்தில் கிட்டத்தட்ட 5 நிமிஷ வித்தியாசம்! நேரத்தை நீட்டுற ஸ்ட்ரெச் கட்டத்தில் 25025/24000 (25-ஐ 23.976-ஆல் வகுத்த அளவு) போட்டதும் வரிக்கு வரி பொருந்திடுச்சு. (ஆடியோ இப்படிப் போகப்போக விலகினா இந்த வழி வேணாம், அதை மட்டும் தனியா என்கோட் பண்ணித்தான் ஆகணும்.)

தமிழ் டிராக்கை டீஃபால்ட்னு குறிச்சிருக்கேன். டிவியில் போட்டதும் தமிழிலேயே ஓடுது, அம்மாவுக்கு அதுதான் வேணும்.