முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாமி ஜான் எப்படி அத்தனை ஆண்டுகள் பந்து வீசினார்?

கோத்தகிரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்கு வயது பதினாறு. இங்கே பள்ளி பேஸ்பால் அணியில் அவன் இடக்கை பிட்சர், அதாவது பந்து வீசுபவன். மூன்று வாரங்களாக முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். ஆனாலும் கர்வ்பால் எனும் வளைந்து செல்லும் பந்தை வீசுவதை நிறுத்த மறுக்கிறான். கேட்டால், "டாமி ஜானுக்கு முழங்கையே போய்விட்டது மாமா, அதற்குப் பிறகுதான் அவர் பெரிய ஆளானார்" என்கிறான். அவர் அமெரிக்க பேஸ்பால் பிட்சர் என்பதும், அவர் செய்துகொண்ட முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது என்பதும் மட்டுமே எனக்குத் தெரியும். அவருடைய விளையாட்டு வாழ்க்கை உண்மையில் எப்படி அமைந்தது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். நம் மலையில் பந்து சரியாக வளைவதில்லை என்றும் குறைப்படுகிறான். அது உண்மையா?

உதகை வாசகர்:
ஐயா, உங்கள் மருமகன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். டாமி ஜான் 1963இல், இருபது வயதில், கிளீவ்லாந்து அணிக்காக முதன்மை லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டிகளில், இறங்கினார். 1974 ஜூலையில், டாட்ஜர்ஸ் அணியில் 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தபோது, மான்ட்ரியல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. அப்போது அவருக்கு வயது 31. அதற்குள் 124 வெற்றிகளைச் சேர்த்திருந்தார். ஆகவே, அறுவைச் சிகிச்சைதான் அவரை ஆளாக்கியது என்பது சரியன்று.

அந்தச் செப்டம்பர் 25 அன்று மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். மீண்டும் ஆடுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்று மருத்துவரே கருதினார். பிறகு நரம்பும் பாதிக்கப்பட்டு, இரண்டாம் முறை அறுவை செய்ய நேர்ந்தது. 1975 முழுவதும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 20 வெற்றி. யாங்கீஸ் அணிக்குச் சென்றபின் 1979இல் 21, 1980இல் 22. 1989இல், 46 வயதில் ஓய்வு பெற்றபோது 26 பருவங்களும் 288 வெற்றிகளும் அவர் கணக்கில் இருந்தன. அவற்றில் 164 அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்தவை.

அவர் வேகத்தை நம்பிய வீரர் அல்லர் என்பதுதான் இதில் முக்கியம். மட்டைக்கு அருகில் வந்ததும் தாழ்ந்து இறங்கும் 'சின்கர்' பந்தே அவருடைய ஆயுதம். அடிப்பவர் அதைத் தரையில் உருட்டத்தான் முடியும். இப்படிப்பட்டவரை, சிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்துக்குப் பத்திரிகையாளர்கள் பதினைந்து ஆண்டுகள் வாக்களித்தும் தேர்ந்தெடுக்காதது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

குன்னூர் இயன்முறை மருத்துவர்:
ஐயா, மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டாமி ஜான் முழு வளர்ச்சி பெற்ற மனிதர். பதினாறு வயதில் முழங்கையின் வளர்தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) முழுமையாக மூடாமலும் இருக்கலாம். உட்புற வலியைத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் இளையோருக்கான வழிகாட்டுதல், பதினைந்து, பதினாறு வயதினருக்கு ஒரு நாளில் 95 வீச்சுகளுக்கு மேல் கூடாது என்றும், 75ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்றும் கூறுகிறது. அதுவும் வலியில்லாத கைக்குத்தான். வலிக்கும் கைக்கு ஒரு வீச்சும் கூடாது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எல்லோரும் அவரைப்போல் திரும்பி வருவதில்லை. 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த நம் நாட்டு இடக்கை வீரர் ரிங்கு சிங்குக்கும் இதே சிகிச்சை நடந்தது. அவர் முதன்மை லீக்கை எட்டாமலேயே பேஸ்பாலை விட்டுச் சென்றார். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

உதகை வாசகர்:
வளைவைப் பற்றிய கேள்விக்குப் பதில் விட்டுப்போயிற்று. மருமகன் சொல்வது உண்மைதான். சுழலும் பந்து காற்றை ஒருபுறம் தள்ளுவதால்தான் அது வளைகிறது. காற்று மெலிந்தால் வளைவும் குறையும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் ஆடும் பிட்சர்களுக்கு இது நெடுநாளைய தொல்லை. கோத்தகிரியோ 1,800 மீட்டரை ஒட்டியது. குறைந்த வளைவை ஈடுகட்ட அவன் மணிக்கட்டையும் முன்கையையும் கூடுதலாக முறுக்குகிறானா என்று கவனியுங்கள்; என் ஐயம் அங்கேதான்.

கோத்தகிரிவாசி:
மிக்க நன்றி. இவற்றை அவனுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். கீழே கோயம்புத்தூரில் ஆடியபோது நன்றாக வளைந்த பந்து இங்கே வளையாததால், பல மாதங்களாகக் கையை முறுக்கி வீசி வந்ததாக ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பந்து வீசினான் என்ற கணக்கே அவனிடம் இல்லை. வியாழக்கிழமை எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். கையுறையை என்னிடம் கொடுத்துவிட்டு, சின்கர் பந்துக்கு விரல்களைத் தையலின்மேல் எப்படி வைக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னான். கை குணமான பிறகு கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.