பேஸ்மென்ட் தூணுக்கு நானோ சிலிக்கா

குழு: ஒயிட்ஃபீல்டு தமிழ்க் குடும்பங்கள்

சுமதி: ரெண்டாவது டவர் பேஸ்மென்ட் தூணுக்கு "நானோ சிலிக்கா சேர்த்த எம்60, தீ தாங்கும்"னு பில்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. கார் சார்ஜிங் அங்கதான் வருது. முரளி சார், கயல், நம்பலாமா?

முரளி சார்: பாதி சரிம்மா. எம்60-ன்னா அதிக பலமான கான்கிரீட் ரகம், நானோ சிலிக்கான்னா ரொம்ப நுண்ணிய சிலிக்கா துகள். சிமென்ட் இறுகும்போது வர்ற கால்சியம் ஹைட்ராக்சைடோட நானோ சிலிக்கா சேர்ந்து, பிடிப்பு குடுக்கிற பசையா மாறும். 400 டிகிரி தாண்டினா முதல்ல உடையறதுல அந்த ஹைட்ராக்சைடும் ஒண்ணு. அது குறைவா இருந்தா அந்தச் சூட்டு வரைக்கும் பலம் நல்லா நிக்கும்.

கயல்: 573 டிகிரியில குவார்ட்ஸ்ங்கிற கனிமம் உப்பிப் பெருகும். நம்ம ஊரு கிரானைட் ஜல்லி, எம்-சாண்டு ரெண்டுலயும் அது இருக்கு. அந்த விரிசலை நானோ தடுக்காது.

முரளி சார்: எனக்கு அதைவிட பயம் வெடிப்புதான். நானோ சிலிக்காவால துளையெல்லாம் அடைஞ்ச கான்கிரீட்ல நீராவி வெளியேற வழியில்ல. தீ பிடிச்ச முதல் அரை மணிக்குள்ளயே மேல்தோல் படார்னு தெறிக்கும். கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட் (கவர்) போனா கம்பி நேரா நெருப்புல. 600 டிகிரி கிட்ட கம்பியோட பலம் பாதிதான்.

சுமதி: அப்ப நானோவே வேண்டாமா சார்?

கயல்: வேண்டாம்னு இல்லக்கா. கூடவே பாலிப்ரொப்பிலீன் நார், ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ, மெல்லிசான ஒத்தை இழை நார் போடணும். 160–170 டிகிரியில அது உருகி நீராவிக்கு வழி விடும். ஸ்டீல் நார் அந்த வேலையைச் செய்யாது. நார் போட்டா ஸ்லம்ப், அதாவது கலவையோட இளக்கம், இறங்கும். சைட்ல தண்ணி ஊத்திடுவாங்க, விடாதீங்க. கலவையை இளக்குற ரசாயனம், அட்மிக்ஸ்சரைத்தான் கூட்டணும்.

ரகு: நானோ எவ்வளவு போடணும்?

கயல்: சிமென்ட் எடையில 1–3 சதவீதம் போதும். அதுக்கு மேல போனா உருண்டை கட்டி, அந்த இடமே பலவீனமாகும். பொடியைவிட திரவம் நல்லது, ஆனா அதுல இருக்கிற தண்ணியைக் கலவைத் தண்ணியில கழிக்கணும். 400 கிலோ சிமென்டுக்கு 2 சதவீதம்னா 8 கிலோ சிலிக்கா. 30 சதவீதம் சிலிக்கா இருக்கிற திரவமா வந்தா சுமார் 26.7 கிலோ ஊத்துவாங்க, அதுல 18.7 லிட்டர் தண்ணி. கழிக்கலைன்னா தண்ணி-சிமென்ட் விகிதம் கிட்டத்தட்ட 0.05 ஏறிடும். எம்60-க்கு அது பெரிய அடி.

ரகு: கார்பன் நானோட்யூப் இதைவிட நல்லதா?

கயல்: அது ரொம்ப நுண்ணிய கார்பன் குழாய், நுண்விரிசலைப் பிடிச்சு வைக்கும். ஆனா கார்பன்தானே, காத்து பட்டா 500–600 டிகிரியில எரிய ஆரம்பிச்சுடும். தீக்காக அதுல காசு போட வேண்டாம்.

முரளி சார்: சுமதிம்மா, டெஸ்ட் ரிப்போர்ட் வந்தா எந்த வேகத்துல சூடேத்தினாங்கன்னு பாருங்க. சின்ன கியூபை நிமிஷத்துக்கு 2–5 டிகிரின்னு உலையில மெதுவா ஏத்தினா வெடிக்காமலே தப்பிக்கலாம். நிஜத் தீ மாதிரி வேகமா சூடேத்துற ஐஎஸ்ஓ 834 தரத்தோட தீ வளைவுல அரை மணியில 840 டிகிரி. அந்த வளைவுல, பாரம் ஏத்தின தூணையே சோதிச்ச ரிப்போர்ட் கேளுங்க. ஒவ்வொரு கலவைக்கும் போட்ட பொருள் அளவை எழுதற பேட்ச் ஷீட்ல நார் எடையும் கழிச்ச தண்ணிக் கணக்கும் தனித்தனி வரியா இருக்கணும்.

சுமதி: சரி சார், இன்னிக்கே அப்படியே மெயில் போடறேன்.