கிராவல் குழி தோண்டினால் பக்கத்துக் கிணறு இறங்குமா?

அல்சூர் மருமகன்:
நான் பெங்களூரு அல்சூர்வாசி. மாமனாருக்கு ஆனேக்கல் தாலுகாவில் ஒன்றரை ஏக்கர், செண்டுமல்லி போடுகிறார். 45 அடித் திறந்த கிணறு. போன தையில் 20 அடியில் கிடந்த தண்ணீர் இந்தத் தையில் 33 அடிக்குப் போய்விட்டது. 250 மீட்டர் தள்ளி மேட்டில் ஒருவர் கிராவல் அள்ளுகிறார். குழிக்குள் ஊறும் தண்ணீரை டீசல் பம்பு வைத்து இறைத்து ஓடையில் விடுகிறார்கள். கேட்டால், "நாங்க எடுக்கிறது மண்ணுதாங்க, உங்க தண்ணிய யார் தொட்டா?" என்கிறார். மாமியார் வாஸ்து பார்க்கச் சொல்கிறார். உண்மையில் குழிதான் காரணமா?

கோலார் ராசு:
தம்பி, எங்கப்பா கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடி, பம்பையும் நிறுத்திய பிறகு உள்ளே தண்ணீர் ஏறி நிறைந்துவிட்டது. குழிக்குள் பம்பு ஓடினால் சுற்றிலும் மட்டம் இறங்கும், நிறுத்தினால் ஏறும். உங்கள் குழியும் சின்ன அளவில் அதே கதைதான்.

நம் பக்கத்தில் மேலே செம்மண், அதற்குக் கீழே கிராவலும் சிதைந்த பாறையும், அடியில் கரும்பாறை. திறந்த கிணற்றுக்கு ஊற்று வருவது அந்த நடு அடுக்கிலிருந்து. அதைத்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். ஆற்று மணலில் நூறு கன அடிக்குச் சுமார் 16 கன அடித் தண்ணீர் வடியும். சிதைந்த பாறையில் இரண்டிலிருந்து நான்குதான். மூன்று என்றே வையுங்கள். ஒரு ஹெக்டேரில் மட்டம் ஒரு மீட்டர் இறங்க மூன்று லட்சம் லிட்டர் வெளியே போனால் போதும். 12,000 லிட்டர் டேங்கரில் 25 லோடு! ஓயாமல் ஓடும் பம்புக்கு அது பெரிய வேலையே இல்லை.

ஆனால் குழியின் ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதன் அடி, உங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டத்தைவிடக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் உங்கள் தண்ணீர் அங்கே போக வழியில்லை.

போர்வெல்காரன்:
ராசு அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் குழிக்காரர்மேல் உடனே பாயாதீர்கள். மழை குறைந்த வருடமாக இருக்கலாம். பக்கத்தில் புதிதாக நாலு போர் இறங்கியிருக்கலாம். நானே இறக்கியிருக்கலாம்!

யுகாதிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், குழிப் பம்பு நிற்கும். மழையும் இருக்காது. அதற்கு இரண்டு நாள் முன்பே உங்கள் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் கிணறு தானாக ஊறுவதைக் குழிக் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, காலையும் மாலையும் ஒரே இடத்திலிருந்து அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அந்த நாட்களில் மோட்டார் போடாமல் இருந்தால் நல்லது.

கோலார் ராசு:
நல்ல யோசனை. குழிக்கு சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிராவல் போன்ற சிறு கனிமங்களுக்கு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைக்கும் அது வேண்டும் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சின்னக் குழிதானே" என்று மழுப்ப முடியாது.

அல்சூர் மருமகன்:
யுகாதி முடிந்தது, கணக்கோடு வந்திருக்கிறேன். கொத்தனாரின் டியூப் மட்டத்தைக் கடன் வாங்கி, மச்சானும் நானும் அரை நாள் வெயிலில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். குழிமேடு எங்கள் கிணற்று மேட்டைவிட 6 அடி உயரம். குழி ஆழம் 48 அடி. அப்படியானால் எங்கள் கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் குழியின் அடிமட்டம் 42 அடியில் இருக்கிறது, எங்கள் தண்ணீரோ 35 அடியில்.

மோட்டாரை நிறுத்திய முதல் நாள் கொஞ்சம் ஊறியது. மறுநாள் காலையும் மாலையும் 34 அடி 2 அங்குலத்திலேயே நின்றது. பக்கத்துத் தோட்டத்தாரும் மோட்டார் போடவில்லை. அன்றிரவு குழிப் பம்பு நின்றது. அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் 32 அடி 7 அங்குலம். ஒரு பொட்டு மழை இல்லை. திங்கள்கிழமை அவர்கள் திரும்பப் பம்பு போட்டார்கள், வியாழனுக்குள் 34-க்கு வந்துவிட்டது.

இதற்கிடையே பூவுக்கு இரண்டு டேங்கர் வாங்கி ஊற்றினோம். அந்த ரசீதையும் நோட்டில் ஒட்டிவிட்டேன். மாமனார் அந்த நோட்டைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், நகல் எடுக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறார்.