மறு: மறு: ‘பேலன்ஸ்டு டீம்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருமங்கலத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கோடை வகுப்புப் பிள்ளைகளுக்குப் போக்கிமான் விளையாட்டை வைத்து ஒரு தமிழ்க் கையேடு எழுதுகிறோம். ஆறு கற்பனை உயிரினங்களை ஓர் அணியாக வைத்து எதிரியின் அணியோடு மோதவிடும் வீடியோ விளையாட்டு அது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் நீர், மின், தரை என்று ஏதாவது ஒரு ‘டைப்’; அதை ‘வகை’ என்றே வைத்துவிட்டோம். ‘பேலன்ஸ்டு டீம்’தான் இழுக்கிறது. ‘சமநிலை அணி’ என்றால் ஆறும் ஒரே லெவலில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. ஆறும் நீர் வகையாக இருந்தால், எதிரியின் ஒரே மின் வகை வரிசையாகச் சாய்த்துவிடும். தரை வகை ஒன்று இருந்தால் மின் அடி அதன்மேல் பலிக்காது. ஒன்றன் ஓட்டையை இன்னொன்று அடைக்க வேண்டும். அதற்கு ஒரு சொல்?

கோரிப்பாளையத்திலிருந்து:
சமனை அதற்குள் தள்ளிவிட வேண்டாம் அம்மா. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’, குறள் 118. அதே குறள் ‘சான்றோர்க் கணி’ என்று முடிகிறது. சமனும் அணியும் ஒரே குறளில்! ‘சமனணி’ என்று வையுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:
ஐயா, அங்கே அணி என்றால் அழகு, ஆட்டக்காரர்கள் இல்லை. படை வேண்டுமென்றால் 761-க்குப் போங்கள்: ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’. எல்லா உறுப்பும் அமைந்த படை. டீச்சர் கேட்பது அதுதான். ‘உறுப்பமை அணி’. தவிர, சங்கப் பாட்டில் சமம் என்றால் போர்.

கோரிப்பாளையத்திலிருந்து:
சமம் வேறு, சமன் வேறு.

உசிலம்பட்டியிலிருந்து:
அறம் – அறன், நிலம் – நிலன். கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. கடைப்போலி ஐயா, பள்ளிக்கூட இலக்கணம்.

மேலூரிலிருந்து:
கல்லூரி மாணவன், இந்த விளையாட்டை ஆடுகிறவன். வகை மட்டும் பார்த்தால் போதாது. 1996-ல் ஜப்பானில் வந்தபோது 15 வகை, இப்போது 18. எல்லாவற்றுக்கும் ஆறு பேரில் பதில் வைப்பது கடினம். ஸ்வாம்பர்ட் என்ற போக்கிமான் நீரும் தரையும் சேர்ந்தது; மின் அடி ஒன்றும் செய்யாது, ஆனால் புல் அடி நான்கு மடங்கு விழும். அப்புறம் வேலைப் பங்கீடு. வேகமாக அடிக்க ஒன்று, அடி தாங்க ஒன்று, எதிரியைத் தூங்கவைக்க, விஷம் ஏற்ற ஒன்று. கபடியில் ஏழு பேரும் பாடிப் போகிறவர்களாக இருந்தால் பிடிப்பது யார்? ‘உறுப்பமை’ எங்கள் தெருவில் ஓடாது. ‘கலவை அணி’ என்றால் புரியும்.

கோரிப்பாளையத்திலிருந்து:
கலவை சித்தாள் சுமப்பது. தம்பி, அடி தாங்குவதற்கு ‘நொச்சி’ என்று அருமையான சொல் இருக்கிறது. மதில் காப்பவர் சூடும் பூ.

உசிலம்பட்டியிலிருந்து:
தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணை இல்லை, மதிலை முற்றுகையிடும் உழிஞைத் திணைக்குள் அடக்கம். பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலைதான் பிரித்தது. பிரித்தது சரியா என்பதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

திருமங்கலத்திலிருந்து:
ஐயா, இன்று வியாழன்.

விளக்குத்தூணிலிருந்து:
ஈடு + அணி = ஈட்டணி. சுருக்கமாக இருக்கிறது, புணர்ச்சியும் சரி.

மேலூரிலிருந்து:
தேர்தல் கூட்டணி மாதிரி இருக்கிறது சார். ஆறு பேருக்குள் தொகுதிப் பங்கீடு பேச வேண்டிவரும்.

திருமங்கலத்திலிருந்து:
வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘உறுப்பமை’ என்றதும் ஒரு பையன் கிட்னியா என்றான். ‘ஈடுகட்டும் அணி’ என்றதும் விளக்கம் சொல்லாமலே புரிந்தது. நான்கு பேர் சரி என்று மடல் போட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் ஓய்ந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அச்சுக்கு அனுப்பியாயிற்று. அடி தாங்குவதற்கு ‘தாங்கி’.

கோரிப்பாளையத்திலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அது தொடர், கலைச்சொல் ஆகாது. எதிர்ச்சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? ‘ஈடுகட்டா அணி’யா?

உசிலம்பட்டியிலிருந்து:
ஏன் கூடாது? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.