1965இல் ஜிம் கிளார்க்: ஒரே ஆண்டில் இதைவிடப் பெரிதாக யார் என்ன செய்தார்?

நல்லூரான்:
மோட்டார் பந்தய வரலாற்றிலிருந்து ஓர் ஆண்டை மட்டும் எடுக்கச் சொன்னால் தயங்காமல் 1965ஐ எடுப்பேன். ஸ்கொட்லாந்தில் செம்மறி ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஜிம் கிளார்க் அந்த ஆண்டில் ஃபோர்முலா 1 உலகச் சம்பியன். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் வென்றார். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த டாஸ்மன் தொடர் அவருக்கே. பிரித்தானியா, பிரான்ஸ் இரண்டு நாடுகளின் ஃபோர்முலா 2 பட்டங்களும் அவருக்கே. உலகச் சம்பியன் பட்டத்தையும் இண்டியானாபொலிஸ் 500ஐயும் ஒரே ஆண்டில் வென்ற இன்னொருவர் இன்றுவரை பிறக்கவில்லை. மறுப்பவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

பருத்தித்துறை அலை:
சொல்கிறேன். ஜோன் சர்ட்டீஸ், 1960. எம்வி அகுஸ்டா மோட்டார் சைக்கிளில் 350 சிசி, 500 சிசி இரண்டு பிரிவுகளிலும் உலகச் சம்பியன். மான் தீவில் நடக்கும் சீனியர் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் வெற்றி. அங்கே ஒரு சுற்று 60 கிலோமீற்றர், ஊர்த் தெருக்களில், கல்மதில்களை உரசிக்கொண்டு ஓட வேண்டும். இத்தனையும் போதாதென்று அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கார்ப் பந்தயத்தில் இறங்கினார். லோட்டஸ் காரில் தமது இரண்டாவது ஃபோர்முலா 1 உலகச் சம்பியன்ஷிப் போட்டியிலேயே, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், இரண்டாம் இடம். மூன்றாவது போட்டி போர்த்துக்கலில். அங்கே தகுதிச் சுற்றில் முதலிடம். கிளார்க் நான்கு சக்கரத்திலிருந்து இறங்கி வேறொரு நான்கு சக்கரத்தில் ஏறினார், அவ்வளவுதான்.

நல்லூரான்:
அண்ணா, சர்ட்டீஸின் முதல் கார்ப் பந்தயம் எது தெரியுமா? 1960 மார்ச், இங்கிலாந்தின் குட்வுட் தடம், தொடக்கநிலைச் சாரதிகளுக்கான ஃபோர்முலா ஜூனியர். அவர் வந்தது இரண்டாவதாக. முதலாவதாக வந்தவர் ஜிம் கிளார்க்!

பருத்தித்துறை அலை:
தெரியும் தம்பி, அது என் பக்கத்துச் சான்று. அதற்கு முன் ஒரு கார்ப் பந்தயமும் ஓடாத மனிதர் கிளார்க்குக்கு அடுத்ததாக வந்தார் என்றால் அவர் எப்பேர்ப்பட்டவர்? தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கே மோட்டார் சைக்கிளும் காரும் ஒரே செம்மண் தடத்தில் ஓடும். மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும் மோட்டார் சைக்கிள்காரர் மிதிகட்டையில் எழுந்து நிற்பார், அடி முழுவதையும் முழங்கால் வாங்கும், வளைவில் தன் உடல் எடையாலேயே வண்டியைத் திருப்புவார். கார்ச் சாரதியோ இருக்கையோடு இருக்கையாகக் கட்டப்பட்டிருப்பார். உடல் பழகிய அத்தனையையும் மறந்துவிட்டு வேறொன்றைப் பழக வேண்டும். சர்ட்டீஸ் அதை ஒரே பருவகாலத்துக்குள், மாறி மாறிச் செய்தார்.

கொக்குவில் கராஜ்:
இருவரும் சாரதியைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன்.

1965இல் கிளார்க் ஓட்டிய எஞ்சின்களைப் பாருங்கள். ஃபோர்முலா 2 காருக்கு 1 லீற்றர். ஃபோர்முலா 1 காருக்கு 1.5 லீற்றர், ஏறத்தாழ 200 குதிரைவலு. டாஸ்மன் தொடரில் 2.5 லீற்றர். இண்டியானாபொலிஸில் 4.2 லீற்றர் ஃபோர்ட் எஞ்சின், மெதனோலில் ஓடியது, ஏறத்தாழ 500 குதிரைவலு. அந்த லோட்டஸ் 38 இடப்பக்கம் மட்டுமே திரும்பும் தடத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் உடலே சக்கரங்களுக்கு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நான்கும் நான்கு சக்கர வண்டிதான், ஆனால் ஒன்றுக்குப் பழகிய கால் மற்றதற்கு உதவாது. பருத்தித்துறைத் தம்பி இதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்று. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். யாருடைய கையில் எஞ்சின் நின்றுபிடிக்கும், யாருடைய கையில் உடையும் என்பது அந்த நாள்களில் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் 1965 சில்வர்ஸ்டோன் போட்டியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். கிளார்க் முன்னணியில் போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெய் அழுத்தம் விழத் தொடங்கியது. வேறொருவர் என்றால் ஓரங்கட்டியிருப்பார், அல்லது எஞ்சினைச் சிதறடித்திருப்பார். கிளார்க் வளைவுகளில் எஞ்சினை அணைத்தார், காரை இருந்த வேகத்தில் உருளவிட்டார், நேர்ப்பாதை வந்ததும் மறுபடியும் இயக்கினார். பின்னால் கிரஹாம் ஹில் சுற்றுக்குச் சுற்று நெருங்கி வருகிறார். முடிவில் 3.2 வினாடி வித்தியாசத்தில் கிளார்க்குக்கு வெற்றி. உலகத்தில் எத்தனை பேரால் இப்படி ஓட்ட முடியும்?

இணுவில் வாசகி:
ஐயா, சில்வர்ஸ்டோனை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்த ஆண்டு கிளார்க்குடையது மட்டுமா? கார்களைக் கட்டியது லோட்டஸ் நிறுவனர் கொலின் சப்மனின் அணி. இண்டியானாபொலிஸுக்கான எஞ்சினும் பணமும் ஃபோர்ட் நிறுவனத்திடமிருந்து வந்தன. இண்டியானாபொலிஸில் காருக்கு எரிபொருள் நிரப்பியவர்கள் ஸ்டொக் கார் பந்தயத்தில் பேர்போன வூட் சகோதரர்கள். எஞ்சினைப் பின்னால் வைத்த கார் அங்கே வென்றது அதுதான் முதல் தடவை. அந்த மாற்றம் அலையாக வந்துகொண்டிருந்தது, 33 கார்களில் 27 பின் எஞ்சின் கார்கள். அலையின் உச்சியில் இருந்தவர் வென்றார். ஃபோர்முலா 1இல் பட்டம் உறுதியான பிறகு கடைசி மூன்று போட்டிகளில் கிளார்க்குக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. வண்டி கைவிட்டது, அவரும் நின்றுவிட்டார். வண்டி கைவிட்டபோது தோல்வி அவருடையது இல்லை என்றால், வண்டி ஓடியபோது வந்த வெற்றியில் எவ்வளவு அவருடையது?

நல்லூரான்:
நல்ல கேள்வி அக்கா. இதற்கு ஒரே வழி, அதே வண்டியை ஓட்டிய மற்றவர்களைப் பார்ப்பதுதான். அந்த ஆண்டு லோட்டஸ் அணியின் இரண்டாவது ஃபோர்முலா 1 சாரதி மைக் ஸ்பென்ஸ். அவருக்குக் கிடைத்தது 10 புள்ளி. கிளார்க்குக்கு 54. இண்டியானாபொலிஸிலும் லோட்டஸ் அணியின் மற்ற 38ஐ ஓட்டிய பொபி ஜோன்ஸ் ஏழாவதாகத்தான் வந்தார். கிளார்க் 200 சுற்றில் 190 சுற்று முன்னணியில் இருந்தார். சராசரி வேகம் மணிக்கு 150 மைலைத் தாண்டியது, அந்தப் பந்தயத்தில் அதற்கு முன் எவரும் அதைத் தாண்டவில்லை. சப்மனின் கார் எல்லாரையும் கிளார்க் ஆக்கவில்லை.

சுன்னாகச் சந்தி:
பழைய ஆட்களோடே நிற்காதீர்கள். 2025 செப்டெம்பரில் ஃபோர்முலா 1 சாரதி வெர்ஸ்டப்பன் ஜெர்மனியின் நேர்பர்க்ரிங் தடத்தில் ஃபெராரி ஜிடி3 வகைப் பந்தயக் காரை ஓட்டி வென்றார். அந்த நீளத் தடத்தில் ஓடத் தனி அனுமதி வேண்டும் என்பதால், முதலில் வலு குறைத்த சிறிய காரில் ஓடித் தகுதி பெற்றார், உலகச் சம்பியனாக இருந்தும்! அதே பருவகாலத்தில் ஃபோர்முலா 1 பட்டத்தை வெறும் 2 புள்ளியில் தவறவிட்டார். இன்றைய நெருக்கடியான நாட்காட்டியில் இது சிறிய காரியம் இல்லை.

கொக்குவில் கராஜ்:
அந்தப் பிள்ளையின் ஆர்வம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு வெற்றியைப் பட்டங்களோடு நிறுக்க முடியாது.

இணுவில் வாசகி:
மொனாக்கோ ஃபோர்முலா 1 போட்டியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கிளார்க் அந்த ஆண்டு அங்கே ஓடவே இல்லை. பத்துப் போட்டிகளில் சிறந்த ஆறை மட்டும் கணக்கெடுக்கும் விதி இருந்ததால்தான் அவரால் ஒன்றை விட முடிந்தது.

நல்லூரான்:
மொனாக்கோ மே 30, இண்டியானாபொலிஸ் மே 31. இடையில் அட்லாண்டிக் கடல் கிடக்கிறது அக்கா. விதி இடம் கொடுத்தது உண்மை. அந்த இடத்தை அவர் எப்படி நிரப்பினார் என்று பாருங்கள்: ஆறு போட்டி கணக்கில் வரும், ஆறையும் வென்றார். 54 புள்ளிக்கு மேல் எவரும் எடுக்கவே முடியாது. 1963இல் இண்டியானாபொலிஸில் இரண்டாவது, 1964இல் பாதியில் விலகல். இரண்டு ஆண்டு வெறுங்கையோடு திரும்பிய இடத்துக்காக மொனாக்கோவை விட்டுக்கொடுத்தார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இணுவில் வாசகி:
துணிவை நான் மறுக்கவில்லை. சப்மனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பருத்தித்துறை அலை:
இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகச் சம்பியனானவர் சர்ட்டீஸ் ஒருவரே. 1964இல் ஃபெராரியில் அதையும் முடித்தார். கிளார்க்கிடமிருந்துதான் அந்தப் பட்டம் கைமாறியது.

நல்லூரான்:
அது 1964, அண்ணா. நாம் பேசுவது ஓர் ஆண்டைப் பற்றி. 1960இல் சர்ட்டீஸ் காரில் வென்ற ஒரு பட்டத்தைக் காட்டுங்கள்.

பருத்தித்துறை அலை:
காட்ட முடியாது, ஏனென்றால் இல்லை. இருந்தாலும் என் வாக்கு 1960க்குத்தான். தெரிந்த தொழிலில் ஐந்து பட்டம் வெல்வதைவிட, தெரியாத தொழிலில் முதல் ஆண்டிலேயே உலகின் முன்வரிசைக்கு வருவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.